கௌரவ ஆய்வாளர் பதவியும் தோட்ட மக்களும்



நம் தோட்டத்துக் கோயில் கமிட்டியில் கௌரவச் செயலாளர் என்று ஒருவர் இருப்பார். அவருக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் கூட்டக் குறிப்பு எழுதுவதும், போலீஸ் பெர்மிட்டுக்கு மனுப் போடுவதும், தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுவதும் அவர் பொறுப்பு. அவர் சரியாக எழுதாவிட்டால் திருவிழாவே தடைப்படும். ஆகவே கௌரவப் பதவி என்றால் மாலை மரியாதை மட்டுமல்ல, கூலி வாங்காமல் சுமக்கும் பொறுப்பு என்பது நமக்குப் புதிதல்ல. பல்கலைக்கழகங்களிலும் இத்தகைய பதவி ஒன்று உண்டு. அதற்குக் கௌரவ ஆய்வாளர் என்று பெயர். மனித உரிமை, அரசாங்கக் கொள்கை ஆகிய துறைகளில் முதிர்ந்த அறிஞர்களுக்கு அளிக்கப்படும் அந்தப் பதவியைப் பற்றியும், அதற்கும் தோட்ட மக்களாகிய நமக்கும் உள்ள தொடர்பைப் பற்றியும் இன்று பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கௌரவ டாக்டர் பட்டம் வேறு, கௌரவ ஆய்வாளர் பதவி வேறு. பட்டம் ஒருவர் செய்து முடித்த தொண்டுக்காகக் கொடுக்கப்படுவது. ஆய்வாளர் பதவி, இனிச் செய்யவேண்டிய வேலைக்காகக் கொடுக்கப்படுவது. பொதுவாக ஓராண்டு, ஈராண்டு என்று தவணை வைத்து நியமிப்பார்கள். மாதச் சம்பளம் இராது. அதற்குப் பதிலாக நூலகம் திறந்திருக்கும், உட்கார்ந்து எழுத ஓர் இடம் கிடைக்கும், பல்கலைக்கழகத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ளலாம். அந்தப் பெயருக்கு ஒரு பலம் உண்டு. தனி மனிதர் எழுதிக் கேட்டால் பதில் வராத அலுவலகத்திலிருந்து, பல்கலைக்கழகக் கடிதத்துக்குப் பதில் வரக்கூடும். இவற்றுக்கு ஈடாக அந்த அறிஞர் கட்டுரை எழுதவேண்டும், சொற்பொழிவு ஆற்றவேண்டும், இளம் மாணவர்களுக்கு வழிகாட்டவேண்டும்.

ஏன் முதியவர்களுக்கு இதைக் கொடுக்கிறார்கள்? முப்பது நாற்பது ஆண்டுகள் நீதிமன்றத்திலும் வகுப்பறையிலும் பழகிய ஒருவர், ஓய்வு பெற்ற மறுநாளே அறிவை இழந்துவிடுவதில்லை. அனுபவப்பட்ட மரம் வெட்டுக்காரர் கத்தியைக் கீழே வைத்தபிறகும், பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம் என்பதை இளையவருக்குச் சொல்லிக் கொடுக்க முடியும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

நம் நாட்டிலேயே இதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. டத்தோ டெனிசன் ஜெயசூரியா மனித உரிமை ஆணையமாகிய சுஹாக்காமில் ஆணையராக இருந்தவர். பிறகு மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் இன ஆய்வுக் கழகத்தில் முதன்மை ஆய்வாளராகவும் கௌரவப் பேராசிரியராகவும் விளங்கி, ஏழ்மை, சமத்துவம் ஆகியவை பற்றி எழுதிவந்தார். நம் பேராக் மாநிலத்துக் கம்பாரில் 1937-இல் பிறந்த வரலாற்றறிஞர் கூ கே கிம், மலாயா பல்கலைக்கழகத்தின் தகைசால் பேராசிரியராகி, 2019-இல் மறையும்வரை நாட்டு வரலாற்றைப் பற்றிப் பேசியும் எழுதியும் வந்தார். பேராக் சுல்தான் நஸ்ரின் ஷா அவர்கள் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் கௌரவ ஃபெலோவாக மதிக்கப்படுபவர். ஈயமும் ரப்பரும் பேராக்கை எப்படி உயர்த்தின, பிறகு இம்மாநிலம் ஏன் பின்தங்கியது என்பதை ஆராய்ந்து 2024-இல் ஒரு பெரிய நூலையே வெளியிட்டார்.

சம்பளமில்லாத பதவிதானே, அதற்கு என்ன வலிமை என்று நினைக்க வேண்டாம். மலேசிய வழக்கறிஞர் டத்தோ பரம் குமாரசாமியை 1994-இல் ஐக்கிய நாட்டு மனித உரிமைக் குழு, நீதிபதிகள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் சுதந்திரத்தைக் கண்காணிக்கும் சிறப்பு அறிக்கையாளராக நியமித்தது. அந்த வேலைக்கு ஐக்கிய நாட்டுச் சபை சம்பளம் தருவதில்லை. 1995-இல் அவர் ஓர் ஆங்கில இதழுக்கு அளித்த பேட்டிக்காக நம் நாட்டில் அவர்மீது மானநஷ்ட வழக்குகள் தொடுக்கப்பட்டன. விஷயம் ஹாலந்து நாட்டுத் திஹேக் நகரில் இருக்கும் அனைத்துலக நீதிமன்றம்வரை போயிற்று. பதவியின் பொருட்டு அவர் பேசிய சொற்களுக்காக அவரை வழக்குக்கு இழுக்க முடியாது என்று 1999 ஏப்ரல் 29-இல் அந்த நீதிமன்றம் கருத்துரைத்தது. கூலி வாங்காத ஒருவரின் சொல்லுக்கு உலகமே காவல் நின்றது.

சரி, இதெல்லாம் பெரிய இடத்துச் செய்தி, பால்மரம் வெட்டியவருக்கும் செம்பனைக் குலை அறுப்பவருக்கும் இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான்.

மனித உரிமை என்பது நம் லயத்து வாசலில் தொடங்குவது. 1948 டிசம்பர் 10-இல் வெளிவந்த உலக மனித உரிமைப் பிரகடனம், 23-ஆம் விதியில் நியாயமான ஊதியத்தையும், 25-ஆம் விதியில் உணவு, வீடு, மருத்துவம் ஆகியவற்றையும், 26-ஆம் விதியில் கல்வியையும் உரிமை என்கிறது. இந்த உரிமைகளை நாட்டில் எவ்வாறு நிறைவேற்றுவது என்று அரசாங்கம் வகுக்கும் வழியே கொள்கை. கொள்கை வகுப்பவர் கணக்குக் கேட்பார். கண்ணீரைக் காட்டினால் இரக்கப்படுவார். கணக்கைக் காட்டினால்தான் கோப்பைத் திறப்பார்.

பெரியவர்களுக்குத் தோட்டத் துண்டாடல் நினைவிருக்கும். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாகக் கூறுபோட்டு விற்றார்கள். தோட்டம் சிறுத்ததும் வேலை போயிற்று; வேலை போனதும் லயம் போயிற்று; லயம் போனதும் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போயிற்று. அப்போது மலாயா பல்கலைக்கழகப் பேராசிரியர் உங்கு அஜிஸ், 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து விரிவான அறிக்கை எழுதினார். அவர் கௌரவ ஆய்வாளர் அல்லர், சம்பளம் பெற்ற பேராசிரியர்தான். ஆனால் ஆய்வு என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நமக்கு நெருங்கிய சான்று வேறில்லை. தோட்டந்தோட்டமாகச் சிதறிக் கிடந்த துயரம் எண்ணாகவும் ஏடாகவும் மாறியது.

அறிக்கை வரட்டும் என்று தொழிலாளி காத்திருக்கவும் முடியாது. சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. அறிஞரின் ஏடும் வேண்டும், தொழிலாளியின் பத்து வெள்ளியும் வேண்டும் என்பதே அந்தக் காலம் நமக்குச் சொல்லும் பாடம்.

பிற்காலத்திலும் அப்படித்தான். குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வழி செய்த சட்டம் 2011-இல் வந்தது. 2013-இல் மேற்கு மலேசியாவில் மாதம் 900 வெள்ளி என்று தொடங்கி, 2025-இல் 1,700 வெள்ளியானது. அந்தத் தொகையைப் பரிந்துரைக்கும் மன்றத்தில் அரசாங்கம், முதலாளி, தொழிலாளி என்று முத்தரப்பும் உட்கார்ந்து பேசவேண்டும். அரிசி விலையும் வீட்டு வாடகையும் அறிந்து எழுதும் ஆய்வாளர் இல்லாவிட்டால் தொழிலாளி தரப்பு வெறுங்கையோடு பேச நேரும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வாளரின் பரிந்துரை சட்டம் ஆகாது. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சுஹாக்காம்கூட விசாரிக்கலாம், அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறலாம், கட்டளையிட முடியாது. இன்னொன்று, சம்பளமில்லாத பதவியை ஓய்வூதியம் உள்ளவரே ஏற்க முடியும். தோட்டத்து வாழ்க்கையை நேரில் அறிந்த ஓய்வுபெற்ற கிராணியோ, தொழிற்சங்கச் செயலாளரோ விரும்பினாலும் கைச்செலவுக்கு என்ன செய்வார்? இப்படிப்பட்டவர்களுக்கும் நாற்காலி போட்டு, பயணச் செலவாவது கொடுத்து, அவர்கள் அறிந்ததை எழுத வைக்கவேண்டும். பட்டம் பெற்றவர் மட்டும் எழுதினால் தோட்டத்து வரலாற்றில் பாதிதான் ஏட்டில் ஏறும்.

நாம் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, பழைய காகிதங்களைக் காப்பாற்றுவோம். சம்பளச் சீட்டு, சங்கச் சந்தாப் புத்தகம், வேலைநீக்கக் கடிதம், சிவப்பு அடையாளக் கார்டு ஆகிய எதையும் வீடு மாறும்போது குப்பையில் போடாதீர்கள். பிறந்த தேதிக்குச் சான்று தேடி வரும் பழைய மாணவர்களுக்காகப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டும் ஆசிரியர்களாகிய நாங்கள், ஒரு காகிதத்தின் மதிப்பை நன்கு அறிவோம். இரண்டாவது, ஆய்வாளர் வீடு தேடி வந்தால் தயங்காமல் பேசுவோம். அதேசமயம், எதற்காகக் கேட்கிறீர்கள், என் பெயரைப் போடுவீர்களா, எழுதி முடித்ததும் ஒரு பிரதி தருவீர்களா என்று நாமும் கேட்போம். விருப்பமில்லாததைச் சொல்ல மறுப்பதும் நம் உரிமையே. மூன்றாவது, பிள்ளைகளைக் கொண்டு பாட்டி தாத்தாவின் கதையைத் தேதியோடும் தோட்டப் பெயரோடும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத வைப்போம்.

ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல, இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. பெரட்டுக் களம் இருந்த இடத்தைக் காட்டக்கூடிய பெரியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வோம். நாளை நம் பேத்திகளில் ஒருத்தி பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக அமரும்போது, அவளுக்கு வேண்டிய முதல் சான்று நம் வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே இருக்கட்டும்.