பழைய நட்பும் எட்டு மலைகளும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பள்ளிப் பருவத்திலே ஒரே கேணியில் நீந்தி, ஒரே மாமரத்துக்குக் கல்லெறிந்து திரிந்த நண்பன் ஒருவன் நம் எல்லோருக்கும் இருந்திருப்பான். அவனோடு சண்டையுமில்லை, சச்சரவுமில்லை. ஆயினும், இன்று அவன் எங்கே என்று கேட்டால் நம்மிற் பலர் விடை சொல்லத் தடுமாறுவோம். அவ்வாறு விட்டுப்போன நட்பை மீண்டும் தொடரலாமா? இக்கேள்வியை எடுத்துக்கொண்ட நாவல் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

இத்தாலிய எழுத்தாளர் பாவ்லோ கொன்யெற்றி 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘எட்டு மலைகள்’ என்பதே அந்நூல். அது 2017 இல் அந்நாட்டின் பெருமைமிக்க ஸ்ற்றேகா பரிசைப் பெற்றது. 2022 இல் திரைப்படமாகவும் வெளிவந்தது.

மிலான் நகரத்துச் சிறுவன் பியெற்றோ, கோடை விடுமுறையிலே மொன்ரே றோசா மலைப்பக்கத்துக் கிராமமொன்றுக்குப் பெற்றோருடன் வருகிறான். அங்கே மாடு மேய்க்கும் புறூனோ அவனுக்குத் தோழனாகிறான். வளர்ந்தபின் பியெற்றோ தந்தையோடு பிணங்கி, மலைக்குச் செல்வதையும் விட்டுவிடுகிறான். நட்பும் தானே நின்றுபோகிறது. ஆண்டுகள் பல கழிந்து தந்தை இறந்தபின், மலையின் உயரத்திலே அவர் தனக்கு விட்டுச்சென்ற இடிந்த மனையொன்றைப் பற்றி அறிகிறான். அதைக் கட்டித் தருவதாக அவருக்கு வாக்களித்திருந்தவன் வேறு யாருமல்லன். இப்போது கட்டட வேலை செய்யும் புறூனோவே!

இருவரும் ஒரு கோடை முழுவதும் கல் சுமந்து சுவரெழுப்புகிறார்கள். ‘இத்தனை காலம் ஏன் வரவில்லை’ என்ற விசாரணை அங்கே இல்லை. வேலை தெரிந்தவன் சொல்ல, தெரியாதவன் செய்கிறான். வீட்டோடு நட்பும் எழுகிறது. தான் விலகியிருந்த ஆண்டுகளிலே தன் தந்தையோடு மலையேறியவன் புறூனோ என்பதையும் பியெற்றோ உணர்கிறான். நண்பனைத் திரும்பப் பெற்றவனுக்கு, இழந்த தந்தையும் ஓரளவு கிடைக்கிறார்.

நூற்பெயரின் காரணமும் கேட்கத்தக்கது. நேபாளத்திலே கோழிக்கூடு சுமந்துவந்த ஒருவர் மண்ணில் வட்டம் வரைந்து பியெற்றோவிடம் சொல்கிறார்: நடுவிலே சுமேரு, சுற்றிலும் எட்டு மலைகளும் எட்டுக் கடல்களும், எட்டையும் சுற்றியவன் மிகுதியாகக் கற்றானா, மேருவின் உச்சி கண்டவன் கற்றானா? நாம் புராணங்களிலே கேட்டுப் பழகிய மேரு, ஆல்ப்ஸ் மலைக் கதைக்குள்ளும் வந்துவிடுகிறது! பியெற்றோ உலகைச் சுற்றுபவன். புறூனோ ஒரே மலையில் நிலைத்தவன்.

ஆனால், பழைய நட்பு எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று ஆசிரியர் கூறவில்லை. புறூனோவின் பாற்பண்ணை கடனில் மூழ்குகிறது. துணைவியும் மகளும் பிரிகிறார்கள். நண்பனாலும் அவனை மலையிலிருந்து இறக்க முடியவில்லை. ஒரு கடும் பனிக்காலத்திலே அவன் மறைந்துபோகிறான். அப்படியாயின் அந்நட்பாற் பயன் யாது? சேர்ந்து கட்டிய அந்தக் கோடையும், அதன்பின் வாய்த்த சில ஆண்டுகளுமே பயன். போகாதிருந்திருந்தால் அவையும் இல்லை.

திருக்குறளிலே நட்பு, நட்பாராய்தல் என்பவற்றை அடுத்துப் ‘பழைமை’ என்றே ஓர் அதிகாரம் இருப்பதை நாம் அறிவோம். நண்பனைத் தேர்வதோடு கடமை முடியவில்லை, பழைய உரிமையைப் பேணவும் வேண்டும் என்பதன்றோ அதன் கருத்து?

ஆகவே, இளைஞர்களே, இன்றிருக்கும் தோழரைக் கைநழுவ விடாதீர்கள். பெரியோர்களே, விட்டுப்போன நண்பரைக் காணச் செல்லும்போது நீண்ட சமாதானங்கள் வேண்டாம். அவர் வீட்டு வேலி சரிந்திருந்தால் மறுமுனையைப் பிடியுங்கள். மற்றவை தாமே வரும்.