கோபுரம் கட்டுமுன் கணக்கு

(பங்கின் பொன்விழா மாலைக் கூட்டத்தில் கட்டடக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

விழா நாளில் கட்டடக் கணக்குப் பேசலாமா என்று சிலர் கேட்டனர். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று நம் ஆண்டவரே கேட்டிருக்கிறார். லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் காணலாம். ஆகவே பேசலாம் என்றே துணிந்தோம்.

பொன்விழா நினைவாக ஒரு மண்டபம் எழுப்ப நாம் முடிவு செய்துள்ளோம். அதற்கு முன், நம் மறைக்கல்விக் கட்டடம் பட்ட பாட்டை நாம் மறக்கலாகாது. பொறியாளர் ஒருவர் படம் வரைந்தார். விலைப்புள்ளி கேட்டோம். குறைந்த தொகை சொன்னவரிடம் வேலையைக் கொடுத்தோம். வானம் தோண்டியபோது, செம்மண் இருக்கும் என்று நம்பிய இடத்தில் கண்மாய்க் களிமண் கிடந்தது. ஆழம் கூட்ட வேண்டும் என்றார் ஒப்பந்தக்காரர். படத்தில் இல்லாததற்குக் கூடுதல் பணம் என்றார். படம் வரைந்தவரோ, மண்ணுக்குத் தாம் பொறுப்பல்ல என்றார். இருவருக்கும் நடுவே நாம் நின்றோம். லிண்டல் மட்டத்தோடு வேலை நின்றது; நம் குழந்தைகள் இரண்டாண்டு வேப்பமரத்தடியில் மறைக்கல்வி படித்தார்கள்.

குற்றம் அவர்கள் மீது மட்டுமன்று. சுவர் எழும்பிய பிறகு வாசலை மாற்றச் சொன்னதும், மேடை கேட்டதும் நாமே. கொட்டான் பின்னி விற்ற காசை உண்டியலில் போட்ட தாய்மார்களின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எங்களால் முடியவில்லை. அந்த நிலை மீண்டும் வரக்கூடாது என்பதற்காகவே, கட்டட வேலையை ஒப்படைக்கும் முறைகளை விசாரித்து அறிந்தோம்.

முறைகள் பல உண்டு. ஒன்று, நாம் பட்ட வழி: வரைபவர் வேறு, கட்டுபவர் வேறு. விலைப் போட்டி நடப்பது இதன் நன்மை. இடையில் வரும் சிக்கலுக்குப் பொறுப்பேற்க ஆளில்லாமற்போவது இதன் தீமை. இரண்டாவது, வரைவதையும் கட்டுவதையும் ஒரே ஒப்பந்தத்தில் ஒருவரிடமே ஒப்படைப்பது. ஆங்கிலத்தில் டிசைன்-பில்ட் என்பார்கள். பொறுப்பு ஒரே இடத்தில் இருக்கும். ஆனால் மண்ணையும் பாராமல், படமும் முதிராமல் முழுத்தொகையை முதல் நாளே சொல்லச் சொன்னால், அவர் பயத்துக்கும் சேர்த்து விலை போடுவார். அல்லது பிறகு சாமானில் கை வைப்பார்.

இவ்விரண்டின் குறையையும் தவிர்க்க எழுந்ததே புரோகிரசிவ் டிசைன்-பில்ட்; படிப்படியாக வடிவமைத்துக் கட்டும் முறை எனலாம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் உள்ளாட்சிகளின் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்கு இம்முறையை அனுமதித்து 2022இல் சட்டம் இயற்றியது. அது நடக்கும் விதம் இது.

முதலாவதாக, விலையைப் பார்த்தல்ல, தகுதியைப் பார்த்து ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முன்பு கட்டியவை எப்படி நிற்கின்றன, வரைபவரும் கட்டுபவரும் இணங்கி உழைத்தவர்களா, கூலிக்காரர்களுக்கு ஒழுங்காகக் கொடுத்தவர்களா என்று விசாரிக்கிறார்கள். அப்போது பேசுவது முதற்கட்ட வேலைக்கான கட்டணமும், இலாப விகிதமும் மட்டுமே.

இரண்டாவதாக, முதற்கட்டம். மண் பரிசோதனை நடக்கும். சொந்தக்காரரும் வரைபவரும் கட்டுபவரும் ஒன்றாக உட்காருவார்கள். படம் வளர வளர மதிப்பீடும் உடன் வளரும். எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை டன் கம்பி, என்ன கூலி என்பதெல்லாம் திறந்த கணக்காக நம்முன் வைக்கப்படும். மேடை வேண்டுமானால் அப்போதே கேட்கலாம். அதன் விலையும் அப்போதே தெரியும்.

மூன்றாவதாக, படம் பாதிக்கு மேல் முதிர்ந்தபின் விலை பேசி முடிப்பது. அது உறுதியான ஒரே தொகையாகவோ, தாண்டக்கூடாத உச்சவரம்பாகவோ இருக்கலாம். எடுத்துக்காட்டாக, உச்சவரம்பு 40 லட்சம் என்று எழுதி, செலவு 38 லட்சத்தில் முடிந்தால், மிச்சம் 2 லட்சம் யாருக்கு எவ்வளவு என்பதை முன்பே எழுதிக்கொள்வார்கள். நம் சொல்லால் வேலை மாறினாலொழிய, 40ஐத் தாண்டினால் சுமை கட்டுபவருடையது.

விலை ஒத்துவராவிட்டால்? இங்கேதான் இம்முறையின் உயிர் இருக்கிறது. செய்த வேலைக்குக் கூலி கொடுத்துவிட்டு, படங்களைக் கையில் வாங்கிக்கொண்டு நாம் விலகலாம். அந்த உரிமையை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். ஒத்துவந்தால் இரண்டாம் கட்டமாக மீதிப் படமும் கட்டுமானமும் நடைபெறும்.

பெயர் புதிதானாலும் இதன் கருத்து நம் மண்ணுக்குப் புதிதன்று. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் இடம்பெற்ற நம் செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று அமைந்த அவ்வீடுகளில், வடிவ அறிவும் கைவேலையும் பெரும்பாலும் கொத்தனாரிடமும் ஆசாரியிடமுமே இருந்தன. நம் மாவட்டத்து இடைக்காட்டூர்த் திரு இருதய ஆலயம், பிரான்சு நாட்டு ரெய்ம்ஸ் பேராலயத்தை முன்மாதிரியாகக் கொண்டு, சேசு சபைக் குரு பெர்தினாந்து செல் அடிகளாரின் முயற்சியால் 1894இல் எழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட அச்சுகளில் வார்த்த செங்கற்கள் அதில் உள்ளன. வரைபவரும் செங்கல் அறுப்பவரும் கொத்தனாரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றால் அப்படி ஓர் ஆலயம் எழுமா?

குறைகளையும் மறைக்கக்கூடாது. விலைப் போட்டி இதில் குறைவு. எனவே கட்டுபவர் காட்டும் கணக்கைச் சரிபார்க்க, அவரோடு தொடர்பில்லாத பொறியாளர் ஒருவரை நாம் தனியே அமர்த்த வேண்டும். தொடக்கத்தில் முழுத்தொகை தெரியாது. அதுவரை பொறுமை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சொந்தக்காரர் காலத்தில் முடிவெடுக்க வேண்டும். வாரம் ஒரு யோசனை மாறினால் எந்த முறையும் நம்மைக் காப்பாற்றாது. சிறு வேலைக்கு இத்தனை ஏற்பாடும் தேவையில்லை; சுற்றுச்சுவர் கட்ட நம்மூர்க் கொத்தனாரே போதும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். பூமி பூசிப்புக்கு முன் மண் பரிசோதனை. மண்டபத்தில் எவை வேண்டும் என்று அன்பியங்கள்தோறும் பேசி, ஒரே பட்டியலாக எழுதித் தருதல். முடிவெடுக்க ஐவருக்கு மேற்படாத குழு. அதில் இருவர் பெண்களாக இருக்கட்டும். கணக்கு மாதந்தோறும் ஆலய வாசற்பலகையில் ஒட்டப்படும் என்று நாங்கள் உறுதி கூறுகிறோம்.

வீட்டைக் கட்டிப் பார் என்று நம் பெரியோர் சொன்னது பயமுறுத்துவதற்காக அன்று. கண்ணைத் திறந்துகொண்டு இறங்குவதற்காகவே. ஐம்பது ஆண்டுகள் நம்மை வழிநடத்திய இறைவன் இப்பணியையும் ஆசீர்வதிப்பாராக. இம்முறை நம் குழந்தைகள் மரத்தடியில் உட்காராதிருக்கட்டும்.