மழை போடும் கால அட்டவணை

பங்குனி, சித்திரையில் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்களைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் வற்றி, தரை காய்ந்து கிடக்கும். பையன்கள் அதற்குள் ஸ்டம்ப் நட்டிருப்பார்கள். வாடகை கிடையாது, சீமைக்கருவேல முள் மட்டும் பந்திலும் பாதத்திலும் வரி வசூலிக்கும்.

 

கண்மாய் நிறைந்தால்தான் சிக்கல். ஊருக்கு மிஞ்சுவது பள்ளி மைதானம் ஒன்று. அதில் கிரிக்கெட் இறங்கிவிட்டால் மற்றவர்கள் வேலியோரம் நிற்க வேண்டியதுதான். இத்தனைக்கும் ஆண்கள் கபடிக்கு 13க்கு 10 மீட்டர் போதும். பெண்களுக்கு 12க்கு 8. வாலிபாலுக்கு 18க்கு 9. ஒரு மூலையில் சுண்ணாம்புக் கோடு போட்டால் முடிந்தது.

2024இல் தமிழக அரசு ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிகள் கொடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் அந்தக் கருவிகள் இருக்கும் அறையின் சாவி யார் மடியில் இருக்கிறதோ, அவர் சொல்வதே ஆட்டம். என்னைக் கேட்டால், ஒரு மாதம் அதைப் பெண்பிள்ளைகளின் கபடிக் குழுவிடம் கொடுத்துப் பார்க்கலாம். சாயங்காலம் 5 மணிக்கு மைதானம் யாருக்கு என்ற வழக்கை அவர்களே தீர்த்துவிடுவார்கள்.