பரிசு கொடுக்கும் பத்திரிகை



பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் ஒரு விருது விழாவைப் பற்றி இன்று பேசப்போகிறேன். விருதின் பெயர் ‘பிரைட் ஆஃப் பிரிட்டன்’. நடத்துவது டெய்லி மிரர் என்ற டேப்ளாய்டு நாளிதழ். முதல் பக்கத்தை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய படம், கொட்டை எழுத்தில் தலைப்பு, உள்ளே நடிகர்கள், பாடகர்கள், கால்பந்து வீரர்கள், அரச குடும்பத்துச் செய்திகள். அந்த வகைப் பத்திரிகை அது. 1903இல் தொடங்கி, 1960களில் நாளொன்றுக்கு ஐம்பது லட்சம் பிரதிகளைத் தொட்டது. தொழிலாளர் வீடுகளில் விரும்பிப் படித்த ஏடு.

1999இல் அதன் பத்திரிகையாளர் பீட்டர் வில்லிஸ் இந்த விருதைத் தொடங்கினார். பத்திரிகைகள் விருது கொடுப்பது புதிதல்ல. நம் நாட்டில் ஃபிலிம்ஃபேர் விருது 1954இலேயே வந்துவிட்டது. அதுபோன்ற விருதுகளில் நட்சத்திரங்கள் மேடையேறிப் பரிசு வாங்குவார்கள். நாம் கை தட்டுவோம். வில்லிஸ் அந்த வரிசையை மாற்றினார். இங்கே நட்சத்திரங்கள் பரிசு கொடுக்க வருகிறார்கள். வாங்குகிறவர் ஒரு செவிலியராக இருக்கலாம், தீயணைப்பு வீரராக இருக்கலாம், நோயோடு போராடிக்கொண்டே பிறருக்காக நிதி திரட்டும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கலாம். பொதுமக்களே பெயர்களை எழுதி அனுப்புகிறார்கள், நடுவர் குழு தேர்ந்தெடுக்கிறது, ஐடிவி தொலைக்காட்சி ஒளிபரப்புகிறது. தொடக்கத்திலிருந்தே தொகுத்து வழங்கிவருபவர் கரோல் வோர்டர்மன். பலருக்கு விருது கிடைத்திருப்பதே முன்கூட்டித் தெரியாது. வழக்கம்போல வேலை செய்துகொண்டிருக்கும்போது, தெரிந்த முகம் ஒன்று கேமராவோடு கதவைத் திறந்துகொண்டு வந்து சேதி சொல்லும்.

2013இல் மலாலா யூசுப்சாய்க்கு வீரமிக்க இளையவருக்கான விருதைக் கொடுத்தவர் டேவிட் பெக்காம். பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கில் தாலிபான்கள் சுட்டதில் படுகாயம் அடைந்து, பர்மிங்காம் மருத்துவமனையில் உயிர் பிழைத்த பெண் அவர். சுடப்பட்டு ஓராண்டு நிறைய இரண்டு நாள் இருக்கையில் அந்த மேடையில் நின்றார். உலகம் முழுக்க அறிந்த கால்பந்து வீரர், பதினாறு வயதுப் பெண்ணின் கையில் பரிசைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். புகழ் இருப்பவர் தன் புகழை ஒரு கணம் இன்னொருவருக்கு இரவல் கொடுக்கிறார். இந்த விழாவில் நான் மனதார மதிப்பது இதைத்தான்.

இதில் பத்திரிகைக்கும் ஆதாயம் உண்டு. விளம்பரதாரர் உண்டு, தொலைக்காட்சி நேரம் உண்டு, அடுத்த நாள் பக்கம் பக்கமாகப் படங்கள் உண்டு. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. வியாபாரம் செய்துகொண்டே நல்லதும் செய்யலாம். என்னை உறுத்துவது வேறொன்று.

அதே பத்திரிகை, 2001 பிப்ரவரியில், மாடல் அழகி நவோமி கேம்பலின் படம் ஒன்றை வெளியிட்டது. போதைப் பழக்கத்திலிருந்து மீள முயல்கிறவர்களின் கூட்டம் ஒன்று லண்டனில் நடந்தது. அது முடிந்து அவர் வெளியே வரும்போது, காருக்குள் மறைந்திருந்த புகைப்படக்காரர் எடுத்த படம். கூட இருந்தவர்களின் முகங்களை மறைத்துவிட்டு, அவர் முகத்தை மட்டும் தெரியும்படி அச்சிட்டார்கள். வழக்கு பிரிட்டிஷ் நாடாளுமன்ற மேலவையின் நீதிபதிகள் வரை போனது. 2004இல், மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் கேம்பல் வென்றார். இழப்பீடு வெறும் 3,500 பவுண்டுதான். ஆனால் ஒருவர் சிகிச்சை பெறும் இடத்துக்குப் பின்தொடர்ந்து போய்ப் படம் எடுத்துப் போடப் பத்திரிகைக்கு உரிமை இல்லை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

அடுத்து வெளிச்சத்துக்கு வந்தது தொலைபேசி விவகாரம். கைப்பேசியில் பதிவாகும் குரல் செய்திகளைத் திறக்க நான்கு இலக்க எண் ஒன்று வேண்டும். நிறுவனம் முதலில் கொடுத்த எண்ணைப் பலர் மாற்றாமலே விட்டிருந்தார்கள். நிருபர்கள் அந்த எண்ணை அழுத்தி, பிரபலங்களுக்கு அவர்களுடைய அம்மாவும் காதலரும் மருத்துவரும் விட்டிருந்த செய்திகளை உட்கார்ந்து கேட்டார்கள். டெய்லி மிரரை வெளியிடும் மிரர் குழுமம் 2014இல் இதை ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு நடிகை சேடி ஃப்ராஸ்ட், கால்பந்து வீரர் பால் கேஸ்காய்ன் உள்ளிட்ட எட்டுப் பேருக்கு நீதிமன்றம் பெருந்தொகை இழப்பீடு விதித்தது. 2023 டிசம்பரில் இளவரசர் ஹாரிக்கு 1,40,600 பவுண்டு. அந்தக் குழுமத்தில் ஒட்டுக்கேட்பு 1998 முதலே வாடிக்கையாகப் பரவியிருந்தது என்று அந்தத் தீர்ப்பில் நீதிபதி எழுதினார். விருது பிறந்தது 1999இல். ஒரே நிறுவனத்தின் கூரைக்குக் கீழே இரண்டும் வளர்ந்தன.

இந்த விருதைப் பெற்ற டோரீன் லாரன்ஸ் என்ற தாயைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. ஜமைக்காவில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர். 1993 ஏப்ரல் 22 இரவு, அவருடைய மகன் ஸ்டீபன், பதினெட்டு வயதுப் பையன், எல்தம் என்ற இடத்தில் பேருந்துக்காகக் காத்திருந்தான். கறுப்பினத்தவன் என்ற ஒரே காரணத்துக்காக வெள்ளை இளைஞர்கள் அவனைக் குத்திக் கொன்றார்கள். காவல்துறை மெத்தனமாக இருந்தது, வழக்கு நிற்கவில்லை. 1997 பிப்ரவரியில் இன்னொரு டேப்ளாய்டான டெய்லி மெயில், சந்தேகிக்கப்பட்ட ஐந்து பேரின் படங்களை முதல் பக்கத்தில் போட்டு, கொலைகாரர்கள் என்று தலைப்பிட்டது. நாங்கள் சொல்வது தவறென்றால் எங்கள்மீது வழக்குப் போடுங்கள் என்றும் சவால் விட்டது. ஐவரில் ஒருவரும் வழக்குப் போடவில்லை. 1999இல் மக்ஃபர்சன் விசாரணை அறிக்கை, லண்டன் காவல்துறை என்ற அமைப்புக்குள்ளேயே இனவெறி ஊறியிருக்கிறது என்று எழுதியது. 2012 ஜனவரியில் இருவர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அதே ஆண்டு அக்டோபரில் டோரீனுக்கு பிரைட் ஆஃப் பிரிட்டன் வாழ்நாள் சாதனையாளர் விருது. அந்த மேடைக்கு அவரைவிடத் தகுதியான ஒருவரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

2022இல் அதே டோரீன், டெய்லி மெயிலின் பதிப்பு நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். தன்னைப் பற்றிய தகவல்களைச் சட்டவிரோதமாகத் திரட்டினார்கள் என்பது அவர் புகார். நிறுவனம் அடியோடு மறுத்தது. வழக்கின் முடிவு என்னவாக இருந்தாலும், தன் மகனுக்காகக் குரல் கொடுத்த பத்திரிகையின்மீதே அந்தத் தாய்க்கு இப்படி ஒரு சந்தேகம் வரவேண்டியிருந்ததே என்பது என்னைக் கலங்கவைக்கிறது.

இதற்காக இந்த விருதை நிறுத்திவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். யாருக்கும் தெரியாமல் போயிருக்கக்கூடிய எத்தனையோ நல்ல மனிதர்களை நாடு தெரிந்துகொள்ள அது வழி செய்திருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். விருதோடு சேர்த்து எழுத்தில் ஓர் உறுதியும் கொடுங்கள். இவருடைய தொலைபேசியை, மருத்துவக் குறிப்புகளை, பிள்ளைகளை, இன்றைக்கும் நாளைக்கும் நாங்கள் தொடமாட்டோம் என்று ஆசிரியர் கையெழுத்துப் போட்டு, விருது பெறுகிறவரிடம் கொடுக்கட்டும். அவர் ஒப்புதல் இல்லாமல் அவர் துயரத்தை மறுபடி தலைப்பாக்கமாட்டோம் என்றும் அதில் இருக்கட்டும். பத்தொன்பது ஆண்டு நீதிக்காக அலைந்த டோரீன் லாரன்ஸுக்கு அன்று அப்படியொரு தாளையும் கொடுத்திருக்கலாம்.