ஐந்தாம் வகுப்பைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுங்கள்



தரம் ஐந்தில் பிள்ளை என்ன படிக்குது என்று கிளிநொச்சியில் யாரைக் கேட்டாலும் "ஸ்கொலசிப்" என்றுதான் சொல்வார்கள். தமிழ், கணிதம், சமயம், சுற்றாடல், ஆங்கிலம், சிங்களம் என்று எத்தனையோ பாடம் இருக்கிறது. ஆனால் பின்னேரம் ரியூசன், சனி ஞாயிறு மாதிரி வினாத்தாள். பத்து வயதிலேயே வெட்டுப்புள்ளிப் பயம்!

இந்தப் புலமைப்பரிசில் பரீட்சையே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. வறிய வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய பள்ளிக்கூடத்தின் படலையைத் திறந்த பரீட்சை அது. 2009 இல் செட்டிக்குளம் இடம்பெயர்ந்தோர் முகாம்களுக்குள் இருந்துகொண்டே எங்கள் பிள்ளைகள் அதை எழுதினார்கள். எல்லாம் இழந்து நின்ற நேரத்திலும் படிப்பை விடாத சனம் நாங்கள்.

ஆனால் அந்தப் பரீட்சையின் 200 புள்ளிக்குள் ஒரு வகுப்பின் படிப்பு முழுவதும் அடங்குமா? எங்கள் ஊரையே பாருங்கள். மாரி பிறந்தால் வீடுகளில் என்ன கதை? "இரணைமடு எத்தனை அடி?" 36 அடி கொள்ளும் குளம். 2018 டிசம்பரில் வான்கதவு திறந்ததும், ஊர் வெள்ளத்தில் நின்றதும் உங்களுக்கு மறந்திருக்காது. குளத்து நீரைப் பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் தீர்மானிக்கிறோம். அதுதானே பின்னக் கணக்கு, அதுதானே சுற்றாடல் பாடம்! தகப்பன் அந்தக் கூட்டத்துக்குப் போய்வருகிறார். பிள்ளையோ ஊர்பேர் தெரியாத ஒரு தாங்கியில் தண்ணீர் நிரப்பிக் கணக்குச் செய்யுது.

புள்ளிக்குள் அடங்காத படிப்பு வகுப்புக்குள்ளும் இருக்கிறது. எங்கள் சின்னப் பள்ளிக்கூடங்களில் நாலும் ஐந்தும் ஒரே மண்டபத்தில் இருப்பதுண்டு. ரீச்சர் கரும்பலகைக்கு நடுவே கோடு கீறி, ஒரு பக்கம் பெருக்கல், மறுபக்கம் கட்டுரைத் தலைப்பு எழுதுவா. நாலாம் வகுப்புப் பிள்ளை தடுமாறினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எட்டிப் பார்த்துச் சொல்லிக் கொடுக்கும். அதற்குப் புள்ளி போட எந்த வினாத்தாளிலும் இடமில்லை. எனக்கு அந்த வகுப்பில் மிகப் பெரிய படிப்பு அதுதான்.

பெறுபேறு வந்ததும் சித்தியடைந்த பிள்ளைகளின் படம் போட்டு வீதியில் பதாகை கட்டுகிறோம். ஒரு புள்ளியில் தவறிய பிள்ளை அதற்குக் கீழாலேதான் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகவேணும். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். அந்தக் காசுக்குச் சனசமூக நிலையத்துக்குச் சிறுவர் புத்தகங்கள் வாங்குவோம். பின்னேரங்களில் வாசிகசாலையைத் திறந்து பிள்ளைகளோடு இருக்க ஆட்கள் வேண்டும். முதல் பெயர் என்னுடையது. கூட்டம் முடிந்ததும் மற்றவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.