வீட்டுக்கு இடம் குறிப்பது யார்?



விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாக ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடும். ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை என்று போய் இறங்குவார்கள். சாயங்காலம் திரும்பி வருகிறவர்கள் உண்டு. அங்கேயே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கிவிடுகிறவர்களும் உண்டு.

இந்த ஏலமலைக்கு இரண்டு மழைக்காலம். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை கேரளத்துச் சரிவை ஊறவைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை போடிப் பக்கத்துச் சரிவை நனைக்கும். ஒரு பக்கம் காய்ந்து முடிவதற்குள் மறுபக்கம் ஈரமாகிவிடும். கார்த்திகை மழையில் மலைச்சாலையில் பாறை உருண்டு போக்குவரத்து நின்றுபோவது போடிக்காரர்களுக்குப் புதிய செய்தியே இல்லை.

மலை சரிந்தால் தீயணைப்பு வீரர்கள் வருவார்கள், ராணுவம் வரும், மருத்துவர்கள் வருவார்கள். கட்டடக் கலைஞரையும் ஊர் அமைப்பு வல்லுநரையும் யாரும் தேடுவதில்லை. எல்லாம் முடிந்த பிறகு புது வீட்டுக்கு வரைபடம் போட வேண்டும் என்றால்தான் அழைப்பார்கள். அவர்களுடைய வேலை அதற்கு நெடுநாள் முன்பே ஆரம்பித்திருக்க வேண்டும் என்று சொல்லத்தான் இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

2020 ஆகஸ்ட் 6, இரவு. மூணாறுக்கு மேலே ராஜமலை அருகில் பெட்டிமுடி. இரவிகுளம் தேசியப் பூங்காவை ஒட்டிய உயரத்திலிருந்து புறப்பட்ட மண்ணும் பாறையும் நீரும் ஓடைத்தடத்தைப் பிடித்து இறங்கி, கீழே இருந்த தேயிலைத் தோட்ட லயங்களின்மேல் விழுந்தன. 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் உறக்கத்திலிருந்த தொழிலாளர் குடும்பத்தினர். பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. மறுநாள் காலையில்தான் வெளியுலகத்துக்கே தெரிந்தது. வழியில் பெரியவரைப் பாலம் பழுதாகிக் கிடந்ததால் மீட்பு வண்டிகள் போய்ச் சேரவும் நேரமானது.

அந்த மண்ணை யாராலும் தடுத்திருக்க முடியாது. அந்த அளவு மழைக்கு மலை சரியத்தான் செய்யும். மனிதர் கையில் இருந்தது ஒன்றுதான்: ஓடை இறங்கும் வழியில் லயம் நிற்கலாமா, கூடாதா என்ற முடிவு. அந்த முடிவைப் பழைய காலத்துத் தோட்ட நிர்வாகங்கள் எடுத்தன. தண்ணீர் பக்கம், வேலைத்தலம் பக்கம், கொஞ்சம் சமதளம் என்று பார்த்து வரிசையாகக் கட்டினார்கள். அங்கே படுத்துறங்கப் போகிறவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. லயத்து அறை தொழிலாளிக்குச் சொந்தமும் இல்லை. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டியதுதான். சொந்தமில்லாத வீட்டின் பின்சுவரில் விரிசல் கண்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

இலங்கை மலையகத்திலும் இதையேதான் பார்த்தோம். 2014 அக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தை, மீரியபெத்தை தோட்டத்தின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது. நிபுணர் தம் வேலையைச் செய்திருந்தார். ஆனால் வெளியேறு என்று சொன்னவர்கள் எந்த நிலத்துக்குப் போவது என்று காட்டவில்லை. வேலையும் பிழைப்பும் தோட்டத்திலேயே இருக்க, மாற்று நிலம் இல்லாத மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. ஆபத்துப் பகுதியைச் சிவப்பில் குறித்துவிட்டால் போதாது. அதே தாளில் குடியேற வேண்டிய இடமும், அங்கிருந்து வேலைக்குப் போகும் வழியும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இப்போது மலையில் வீடு கட்டுவதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். சாய்வான நிலத்தில் வீடோ தங்கும் விடுதியோ கட்ட, ஜேசிபி வைத்துச் சரிவை வெட்டுகிறார்கள். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளிச் சமதளம் ஆக்குகிறார்கள். வீட்டின் பின்பாதி கெட்டி நிலத்தில் நிற்கும், முன்பாதி புதுமண்ணில் நிற்கும். இரண்டு மழையில் புதுமண் இறங்கும், சுவர் பிளக்கும். பின்னால் வெட்டிய இடத்தில் செங்குத்தாக நிற்கும் மண்ணுக்குத் தடுப்புச்சுவர் எழுப்புவார்கள். அந்தச் சுவரின் அடியில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள் இருக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் சல்லி நிரப்பியிருக்க வேண்டும். மண்ணுக்குள் இறங்கும் நீர் அந்தத் துளை வழியே வெளியேறிவிட்டால் சுவர் நிற்கும். துளையைப் பூசி அடைத்துவிட்டால் நீரின் பாரம் முழுவதும் சுவரின் முதுகில் ஏறும். எவ்வளவு கனமான காங்கிரீட்டாக இருந்தாலும் ஒரு நாள் சாயும். மழைக்காலத்தில் மலைச்சாலையில் போகும்போது தடுப்புச்சுவரின் துளைகளைக் கவனியுங்கள். நீர் சொட்டினால் நல்லது. மழை கொட்டும்போதும் துளை காய்ந்து கிடந்தால் அதுதான் கவலை.

பெரிய சாலைக்கும் இதே விதிதான். போடிமெட்டிலிருந்து மூணாறு போகும் தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தப் பாறையைத் தகர்த்த பிறகு, தேவிகுளத்தை ஒட்டிய கேப் ரோட்டில் 2019-லும் 2020-லும் பெருஞ்சரிவுகள் நேர்ந்தன. சாலை வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. அதே சாலைதான் ஆம்புலன்ஸ் வரும் வழி. ஆனால் எவ்வளவு வெட்டலாம், மேலிருந்து வரும் நீரை எங்கே கடத்தலாம் என்று முடிவான பிறகே வெடி வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 1990 முதல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது. அறிவிக்கப்பட்ட மலைக் கிராமங்களில் கட்டட அனுமதிக்குப் புவியியல், வேளாண் பொறியியல், வனம் ஆகிய துறைகளின் கருத்தையும் கேட்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அது புதிதாகக் கட்ட வருகிறவரைத்தான் கேள்வி கேட்கும். எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பு கட்டி, இன்றும் குடும்பங்கள் வாழும் லயத்தைப் பற்றி யார் கேட்பது?

மறுவாழ்வு எப்படி நடக்க வேண்டும் என்பதற்குத் தொலைவில் போய்த் தேட வேண்டாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு வீடுகள் கட்டியது. லாரி பேக்கரிடம் பயின்ற கட்டடக் கலைஞர் பென்னி குரியாகோஸ் அந்தப் பணியில் இருந்தார். வரைபடத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போகாமல், குடியிருக்கப் போகும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசித் திட்டங்களை அமைத்தார்கள். வேறு சில கரையோர ஊர்களிலோ, புது வீட்டு மனைக்காக இருந்த நிழல் மரங்களையும் வெட்டிச் சமப்படுத்தினார்கள். வெயிலில் வலை பின்னுகிறவருக்குத்தான் அந்த மரத்தின் அருமை தெரியும்.

ஏலமலையில் செய்ய வேண்டியது இதுதான். தேனி, இடுக்கி இரண்டு மாவட்டங்களும் சேர்ந்து ஒவ்வொரு லயத்தையும் ஒவ்வோர் ஓடையையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவர வேண்டும். தண்ணீருக்கு மாநில எல்லை தெரியாது. வரைகிறவர், அந்த லயத்தில் நெடுநாள் வாழ்ந்த ஒரு பெண்மணியோடு ஓடைக்கரையில் நடக்க வேண்டும். எந்த ஆண்டு தண்ணீர் எதுவரை ஏறியது, எந்த ஊற்று திடீரென்று கலங்கியது, எந்த மரம் சாயத் தொடங்கியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பெருமழை எச்சரிக்கை வந்தால் அந்த இரவில் எந்தக் குடும்பம் எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கும், அங்கே கழிப்பறை உண்டா, கைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச அடுப்பு உண்டா என்பதையும் மழைக்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். பிறகு, ஆபத்தான லயங்களுக்கு மாற்றாக வேலைத்தலத்திலிருந்து தொலைவில்லாத இடத்தில், பட்டாவோடு வீடு. பெட்டிமுடியில் பிழைத்த எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் வீடு கிடைத்தது. 70 உயிர் போன பிறகு.

மலைச்சரிவில் குடியிருக்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு மேலே நிலத்தில் புதிதாக வெடிப்பு கண்டாலோ, ஓடை நீர் சட்டென்று சேறானாலோ, மழை பெய்யும்போதே வற்றிப்போனாலோ, கதவும் சன்னலும் காரணமின்றி இறுகிப்போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓடைத்தடத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் மேடான இடத்துக்குப் போய்விடுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.