யார் வேஷம் யாருக்கு?
(ஏற்காட்டில் நடந்த மாணவர் முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



கே.பி. சுந்தராம்பாளின் கலைவாழ்வும் விருதுகளும் பற்றிப் பேசச் சொன்னீர்கள். பேசுகிறேன். கூடவே, உங்கள் பட்டியலில் இல்லாத இன்னொரு நடிகையையும் அழைத்து வந்திருக்கிறேன்.

சுந்தராம்பாள் நமக்குப் பக்கத்து ஊர்தான், கொடுமுடி. 1908இல் பிறந்தவர். வறுமையில் பாடிப் பிழைத்து, நாடகக் கம்பெனிக்குப் போனவர். ஆண் வேஷம் கட்டியும் மேடையை ஆண்டவர். எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் இறந்ததும் வெள்ளைச் சேலை உடுத்தி ஒதுங்கினார். அவரைத் திரும்பக் கூட்டிவர 1935இல் ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அந்தக் காலத்து ஒரு லட்சம்! அதுதான் அவருக்கு முதல் படம். பிறகு 1953இல் ஔவையார், 1964இல் பூம்புகார், 1965இல் திருவிளையாடல். துணைவன் படத்தில் பாடியதற்காக 1969ஆம் ஆண்டின் தேசிய விருது. 1970இல் பத்மஸ்ரீ. சட்ட மேலவையிலும் உட்கார்ந்தார். ஒரு ஏழைப் பெண் இவ்வளவு தூரம் வந்தது சாதாரணம் இல்லை. அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை.

ஆனா அந்த ஒரு லட்ச ரூபாய்ப் படம் எது? 'நந்தனார்'. சேரியில் பிறந்த நந்தனின் வேஷம். எதிரே வேதியராக நின்றவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். பெரியபுராணத்தில் இல்லாத அந்த ஆண்டையைக் கதைக்குள் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நந்தனைப் பாடலாம், நடிக்கலாம், பார்த்து உருகி அழலாம். கடைசியில் அவன் தீயில் இறங்கித்தான் தில்லைக்குள் போகணும். அதுக்கும் கைதட்டினாங்க.

இப்போ அந்தப் பக்கம் வாங்க. திருவனந்தபுரம். ஜே.சி. டேனியல் எடுத்த முதல் மலையாளப் படம் 'விகதகுமாரன்'. கதாநாயகி பி.கே. ரோசி. புலையர் சாதிப் பெண், புல்லறுத்துப் பிழைத்தவர், காக்கரிசி நாடகத்தில் நடித்தவர். படத்தில் அவருக்கு நாயர் பெண் வேஷம். அவ்வளவுதான் குற்றம். திரையில் கல் விழுந்தது. அவர் குடிசைக்குத் தீ வைத்தார்கள். ஒரு லாரியில் ஏறித் தப்பி நாகர்கோவில் பக்கம் வந்து, பேரை மாற்றிக்கொண்டு, நடிகை என்றே காட்டிக்கொள்ளாமல் வாழ்ந்து முடித்தார். படச்சுருளும் மிஞ்சவில்லை. டேனியல் பேரில் கேரள அரசு 1992இல் விருது ஏற்படுத்தியது. ரோசி பேரில் 2019இல்தான் ஒரு திரைப்படச் சங்கம், அதுவும் திரையுலகப் பெண்கள் தாங்களாக அமைத்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. மேலே இருப்பவர் கீழே இறங்கி வேஷம் கட்டினால் அது கலை, அதற்கு லட்சம். கீழே இருப்பவள் மேலே ஏறி வேஷம் கட்டினால் அது அத்துமீறல், அதற்குத் தீ. நந்தன் கதையிலும் தீ, ரோசி வாழ்க்கையிலும் தீ. விருது என்பது திறமைக்கு மட்டும் கொடுக்கிற கூலி என்று இனியும் நம்பலாமா? மேடை ஏற அனுமதி கிடைத்தவர்களுக்குள்தானே போட்டி நடக்கிறது?

இந்தச் சேர்வராயன் மலைக்கு வருவோம். கலெக்டர் காக்பர்ன் 1820களில் இங்கே காப்பி கொண்டுவந்தார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கு. காப்பிப் பழம் பறித்த கைகளுக்குப் பேர் இருக்கா? ரோசிக்கு நடந்ததும் இந்தக் கைகளுக்கு நடந்ததும் ஒரே வேலைதான்: உழைப்பை எடுத்துக்கிட்டுப் பேரை அழிக்கிறது.

அதனால் இரண்டு வேலை சொல்றேன். ஒன்று: உங்கள் ஊரில் பறையடிப்பவர், கூத்துக் கட்டுபவர் யார் யார், என்ன வேஷம், யாரிடம் கற்றார், எல்லாம் எழுதி எடுங்க. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் பதியாதவர்களைப் பதிய வையுங்க. இரண்டு: நாடகம் போடுங்க. 1992லேயே கே.ஏ. குணசேகரன் 'பலி ஆடுகள்' மூலம் வழி காட்டியிருக்கார். நம்ம நாடகத்தில் எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளை ஆண்டை வேஷம் கட்டட்டும், ஆண்டை எப்படி நடப்பான், எப்படிக் கூப்பிடுவான் என்று அவளுக்குத்தான் நல்லாத் தெரியும். நந்தனும் வரட்டும். ஆனா இந்தத் தடவை அவன் தீயில் இறங்க வேண்டாம்.